புதுப்பிப்பு: ஈம் கிராமத்து அருங்காட்சியகம் எப்படி வந்தது?

இங்கிலாந்தில் டெர்பிஷையரிலுள்ள ஈம் கிராமம், 1665-66 கொள்ளைநோயின்போது தன்னைத்தானே தனிமைப்படுத்திக்கொண்டதைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். அங்குள்ள அருங்காட்சியகத்தை அரசாங்கமா ஆரம்பித்தது என்று சிலர் கேட்டிருந்தீர்கள்.

இல்லை. கிளாரன்ஸ் டேனியல் என்ற உள்ளூர் வரலாற்று ஆர்வலர் பல காலமாகச் சேர்த்த பொருட்கள்தான் அதன் அடித்தளம். அவற்றைத் தன் வீட்டிலேயே வைத்து, பார்க்க வருகிறவர்களுக்குக் காட்டியிருக்கிறார்! அவர் மறைந்த பிறகு, பழைய மெதடிஸ்ட் தேவாலயக் கட்டடம் ஒன்றை ஊர்க்காரர்கள் மாற்றியமைத்து, 1994இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். இன்றும் தன்னார்வலர்கள்தான் நடத்துகிறார்கள்.

அப்புறம், கொள்ளைநோய்க் கதையே கூட்டத்தை இழுக்கப் போதும். ஆனாலும் ஈயச் சுரங்கம், நெசவு என்று ஊர் பிழைத்த தொழில்களுக்கும் அங்கே இடம் உண்டு. எனக்கு அந்தப் பகுதிதான் கூடுதல் சுவாரசியம்.