பனித்தூவல் ஓடுகிறது, ஆனாலும் மாடுகளுக்கு மூச்சிரைப்பு குறையவில்லை

கேட்டவர்: தொழுவக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். ஆறு கலப்பினக் கறவை மாடுகள் நிற்கும் தகரக் கொட்டகைக்கு நானே பனித்தூவல் அமைத்திருக்கிறேன். 16 மி.மீ. கறுப்பு லேட்டரல் குழாய், நாலு பக்கமும் பனி போலத் தூவுகிற நாசில் (ஃபாகர்) பத்து, அரை ஹெச்பி மோட்டார். மேற்கு வெயில் அடிக்கக் கூடாதென்று இரண்டு பக்கமும் தரை வரை தார்ப்பாய் கட்டியிருக்கிறேன். காலை பத்து மணிக்குப் போட்டால் சாயங்காலம் வரை நிறுத்தாமல் ஓடும்.

உள்ளே போனால் புகை மூட்டம் போல இருக்கிறது. ஆனால் மாடுகள் அசை போடாமல் நின்றுகொண்டே இரைக்கின்றன. தரை எந்நேரமும் ஈரம். கடைசி மூன்று ஃபாகர்களில் தூவல் வராமல் சொட்டுச் சொட்டாக வடிகிறது, ஒன்று அடைத்தே போய்விட்டது. எங்கள் தண்ணீர் உப்புத் தண்ணீர். பெரிய மோட்டார் மாட்டினால் சரியாகுமா?

பதில்: குழாய்ப்பித்தன்

சொட்டுவதற்குக் காரணம் அழுத்தம் போதாததுதான். இந்த வகை ஃபாகருக்கு 4 பார் அளவுக்காவது வேண்டும். பத்து மீட்டர் உயரத் தண்ணீர் தருவது சுமார் 1 பார், அப்படியென்றால் நாற்பது மீட்டர் தூக்கும் மோட்டார் தேவை. உங்கள் மோட்டாரின் தகட்டில் 'ஹெட்' (தண்ணீரைத் தூக்கும் உயரம்) எவ்வளவு என்று பாருங்கள். லேட்டரலின் இரு முனைகளையும் வளையமாக இணைத்தால் கடைசி ஃபாகருக்கும் அழுத்தம் ஓரளவு சமமாகப் போகும். மோட்டாருக்கு அடுத்து தூசியைப் பிடிக்கும் 120 மெஷ் (சல்லடை நுணுக்க அளவு) டிஸ்க் ஃபில்டர் கட்டாயம். அடைத்த நாசிலை ஊசியால் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும். வினிகரிலோ சிட்ரிக் அமிலக் கரைசலிலோ இரவு முழுக்க ஊறவைத்தால் உப்புப் படிவு தானே கரையும்.

பதில்: கறவைத்தோழி

தம்பி, மோட்டாரை மாற்றுவதற்கு முன்னால் ஒன்று செய்து பாருங்கள். தூவல் ஓடும்போது ஒரு மாட்டின் முதுகில் விரலை விட்டு முடியைப் பிரியுங்கள். முடி நுனியில் பனித்துளி மாதிரி நிற்கும், அடியில் தோல் காய்ந்து சூடாக இருக்கும். அப்படி இருந்தால் உங்கள் சிக்கல் அழுத்தம் மட்டும் இல்லை.

தண்ணீர் பட்டதால் மாடு குளிர்வதில்லை, தண்ணீர் ஆவியாவதால்தான் குளிர்கிறது. ஒரு லிட்டர் ஆவியாக ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தை இழுக்கும். காற்று காய்ந்திருந்தால் நுண்துளி நடுவழியிலேயே ஆவியாகிக் கொட்டகைக் காற்றைக் குளிர்விக்கும். நீங்களோ இரண்டு பக்கமும் தார்ப்பாயால் மூடிவிட்டு, ஒரு ஃபாகருக்கு மணிக்கு 28 லிட்டர் என்று வைத்தால்கூட 280 லிட்டரை உள்ளேயே அடைக்கிறீர்கள். காற்று ஈரத்தால் நிரம்பிவிட்ட பிறகு மேற்கொண்டு எதுவும் ஆவியாகாது. முடிமேல் நிற்கும் துளிப்படலம் மாட்டின் உடல் சூட்டை வெளியே விடாமல் போர்வை போலப் பிடித்துக்கொள்ளும். மாட்டின் வியர்வையும் காயாது. அதனால்தான் இரைக்கிறது.

தார்ப்பாயை இன்றைக்கே மேலே சுருட்டுங்கள். வெயில் மறைக்க வேண்டுமென்றால் கொட்டகைக்கு வெளியே கொஞ்சம் தள்ளி நிழல்வலை கட்டலாம். அப்புறம் மாடுகளின் முதுகுக்குக் குறுக்கே காற்று அடிக்கிற மாதிரி மின்விசிறி. ஈரக்காற்று உள்ள ஊரென்றால் பனித்தூவலையே விட்டுவிடுங்கள். பெரிய துளி விழும் ஸ்பிரிங்ளர் நாசில் போட்டு, தோல் வரை நனைய ஒன்றிரண்டு நிமிடம், பிறகு எட்டுப் பத்து நிமிடம் விசிறி மட்டும். இதற்கு இவ்வளவு அழுத்தமும் வேண்டாம். முதுகிலிருந்து வழிந்து மடிக்கு இறங்குவதற்குள் தண்ணீர் நின்றுவிட வேண்டும், ஏனென்றால் நனைந்த மடியும் சேறான தரையும் மடிநோய்க்கு நேர்வழி. இதில் மட்டும் அலட்சியம் வேண்டாம்.

நிழலில் ஓய்வாக நிற்கும் மாட்டின் விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். 60-ஐத் தாண்டினால் வெப்ப அயர்ச்சி. வாய் திறந்து, நாக்கு வெளியே தள்ளி, எச்சில் ஒழுக இரைத்தால் காத்திருக்கக் கூடாது. உடனே தண்ணீர் ஊற்றிக்கொண்டே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

பதில்: மின்னிணைப்பு

தண்ணீரும் மின்விசிறியும் ஒரே இடத்தில் என்பதால் சொல்கிறேன். மோட்டார், விசிறி இரண்டுக்கும் எர்த்திங்கும் 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபியும் (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாமல் ஓட்டாதீர்கள். நாம் உணராத சின்னக் கசிவும் ஈரத்தரையில் நாலு காலூன்றி நிற்கும் மாட்டுக்குத் தெரியும். தொட்டிக்கு வந்து தண்ணீர் குடிக்காமல் பின்வாங்கினால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். நேரம் வைத்து நிறுத்த சைக்ளிக் டைமர் ஒன்று போதும், கையால் போட்டு அணைப்பது நடக்காத காரியம்.

தொழுவக்காரன்

அக்கா, முடியைப் பிரித்துப் பார்த்தேன், நீங்கள் சொன்னது அப்படியே. தார்ப்பாயைச் சுருட்டி, இருந்த ஒரு விசிறியை ஓடவிட்டு, தூவலை இடைவெளி விட்டு இயக்கினேன். நிமிடத்துக்கு 84 இருந்த கறவைக்கு 66-க்கு வந்திருக்கிறது. இரண்டு மாடுகள் படுத்து அசை போடுகின்றன! ஸ்பிரிங்ளர் நாசிலுக்கே மாறிவிடுகிறேன். ராத்திரியும் ஓட்டலாமா?

கறவைத்தோழி

ரொம்பச் சந்தோஷம் தம்பி. ராத்திரி தண்ணீர் வேண்டாம். இருட்டிய பிறகு காற்றில் ஈரப்பதம் கூடும், மாடு படுக்கும் இடமும் காய வேண்டும். விசிறி மட்டும் ஓடட்டும். தகரத்தின் மேல்பக்கம் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் பகல் சூடு இறங்குவது குறையும். தீவனத்தில் பெரும்பங்கை விடியற்காலையும் பொழுது சாய்ந்த பிறகும் வையுங்கள், செரிமானச் சூடு உச்சி வெயிலோடு சேராது. குடிதண்ணீர்த் தொட்டி நிழலில் இருக்கட்டும், கோடையில் ஒரு கறவை நாளுக்கு 100 லிட்டருக்கு மேலும் குடிக்கும். 66 என்பது இன்னும் அதிகம்தான், இரண்டாவது விசிறி மாட்டியதும் எண்ணிப் பார்த்துச் சொல்லுங்கள்.