ஈடிபஸின் வீழ்ச்சிக்கு முன்கோபம்தான் காரணமா?

கேள்வி – மாணவன்_24

சோஃபக்ளீஸின் கிரேக்க நாடகமான ‘ஈடிபஸ் அரசன்’ பற்றிய பாடக் குறிப்புகள் எல்லாமே ஈடிபஸ் அழிந்தது ஆணவத்தாலும் முன்கோபத்தாலும் என்று ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. நாடகத்தை முழுக்கப் படித்த எனக்கு அது ஒட்டவில்லை. மகன் கையால் சாவாய் என்று, அவன் பிறக்கும் முன்பே அவன் அப்பாவான தீப்ஸ் அரசன் லாயஸுக்குத் தெய்வவாக்கு வந்துவிட்டது. வளர்ந்த ஊரான கொரிந்தை விட்டு அவன் ஓடியதும், வளர்த்தவரையே அப்பா என்று நம்பி, அவரைக் கொன்றுவிடக் கூடாதே என்றுதான். இதில் குணக்குறை எங்கே இருக்கிறது?

பதில் – தமிழ்வாசகர்

லாயஸை யாரென்று தெரியாமல் அவன் கொன்ற முச்சந்தியை மறந்துவிட்டீர்களே. தந்தையைக் கொல்வாய் என்று குறி சொல்லும் டெல்ஃபி கோயிலில் கேட்டுவிட்டு வருகிறவன், தந்தை வயதில் இருக்கும் யார்மீதும் கையை ஓங்கலாமா? முன்கோபம் என்று சொல்வது சரிதான்.

பதில் – பழைய மேடை

முச்சந்தியில் நடந்ததை அவன் வாயாலேயே கேளுங்கள். வண்டிக்காரர்கள் அவனை வழியை விட்டுத் தள்ளுகிறார்கள். தள்ளியவனை இவன் அடிக்கிறான். உடனே வண்டியில் இருந்த கிழவர் இரட்டைமுனைத் தார்க்கோலால் இவன் தலையில் போடுகிறார். அதன் பிறகுதான் கொலை. கோபம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அது நாடகம் தொடங்குவதற்குப் பல ஆண்டுகளுக்கு முந்தைய கதை. சோஃபக்ளீஸ் அதை மேடையில் காட்டவே இல்லை.

இந்த நாடகத்தை இயக்கியபோது நடிகர்களோடு ஒரு சோதனை செய்தேன். குருட்டுத் தீர்க்கதரிசி டைரீசியஸிடமும் மைத்துனன் கிரியோனிடமும் ஈடிபஸ் சீறும் வசனங்களை அடக்கமான குரலில் பேசவைத்தேன். கதை மாறவில்லை! ஏனென்றால் அவன் யார் மகன் என்ற உண்மை அந்தச் சண்டைகளில் உறுதியாகவில்லை. கொரிந்திலிருந்து வரும் தூதனும் கிழட்டு இடையனும்தான் அதைக் கொண்டுவருகிறார்கள். பிறகு, அவன் விடாமல் கேள்வி கேட்பதைத் தளர்த்திப் பார்த்தோம். நாடகமே நின்றுவிட்டது.

தாய் என்று தெரியாமல் அவன் மணந்த யோகாஸ்டாவுக்கு முதலில் புரிந்துவிடுகிறது. உயிர்மேல் ஆசை இருந்தால் இதைத் தேடாதே என்று கெஞ்சுகிறாள். அவன் கேட்கவில்லை. இடையன், சொல்லக்கூடாததைச் சொல்லும் இடத்துக்கு வந்துவிட்டேனே என்று நடுங்குகிறான். நானும் கேட்கக்கூடாததைக் கேட்கும் இடத்தில்தான் நிற்கிறேன், ஆனாலும் கேட்டே ஆக வேண்டும் என்கிறான் ஈடிபஸ். கொள்ளைநோயில் சாகும் தீப்ஸ் மக்களுக்கு லாயஸின் கொலையாளியைக் கண்டுபிடிப்பேன் என்று வாக்குக் கொடுத்தவன் அவன். முன்பு தீப்ஸை வதைத்த ஸ்ஃபிங்ஸ் என்ற பூதத்தின் புதிரை அவிழ்த்ததும் அதே குணம். அவனை அரசனாக்கியதுதான் அவனை அழிக்கிறது. இதைக் குறை என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

அரிஸ்டாட்டிலும் ‘கவிதையியல்’ 13ஆம் அத்தியாயத்தில் நாயகன் தீயகுணத்தால் விழக்கூடாது, ஏதோ பெரிய பிழையால் விழ வேண்டும் என்றுதான் சொல்கிறார். அதற்கு ஈடிபஸின் பெயரையே எடுத்துக்காட்டாகத் தருகிறார். யாரென்று அறியாமல் செய்த செயல் அந்தப் பிழைக்குள் நன்றாக அடங்கும். இன்னொன்று: சோஃபக்ளீஸ் இறந்த பிறகு பிறந்தவர் அரிஸ்டாட்டில். அவருடைய இலக்கணத்தைப் பார்த்து இந்த நாடகம் எழுதப்படவில்லை.

பதில் – தமிழ்வாசகர்

ஏற்கிறேன். அப்படியென்றால் குணக்குறையால் விழுந்த நாயகன் யாருமே இல்லையா?

பதில் – பழைய மேடை

இருக்கிறார், சோஃபக்ளீஸின் இன்னொரு நாடகமான ‘ஆன்டிகனி’யில் கிரியோன். அரசனான அவர், தடையை மீறிச் சகோதரன் பிணத்தை அடக்கம் செய்த ஆன்டிகனியைக் குகையில் அடைக்கிறார். மகன் ஹீமோன் சொல்லியும் கேட்கவில்லை. டைரீசியஸ் மிரட்டிய பிறகுதான் பணிகிறார். அப்போதும் பாருங்கள்: முதலில் பெண்ணை விடுவி, பிறகு பிணத்தை அடக்கம் செய் என்று கோரஸ், அதாவது மேடையில் நிற்கும் பாடகர் குழு, வரிசை சொல்கிறது. அவர் பிணத்தை முதலில் கவனிக்கிறார். குகைக்குப் போய்ச் சேரும்போது ஆன்டிகனி தூக்கில் தொங்குகிறாள். மகனும் மனைவியும் அடுத்தடுத்துப் போகிறார்கள். பிடிவாதம் அவரைப் பாதி அழித்தது, தாமதம் மீதியை முடித்தது.

மாணவன்_24

நன்றி அம்மா. தேர்வில் இப்படி எழுதினால் மதிப்பெண் கிடைக்குமா?

பழைய மேடை

தைரியமாக எழுதுங்கள், ஆனால் நாடகத்திலிருந்தே சான்று காட்டுங்கள். முச்சந்திப் பேச்சு, யோகாஸ்டாவின் கெஞ்சல், இடையன் காட்சி மூன்றும் போதும். நேரம் இருந்தால் கி.மு. 401இல் மேடையேறிய ‘கொலோனஸில் ஈடிபஸ்’ படியுங்கள். அதில் கண்ணிழந்த கிழவன், தெரியாமல் செய்ததற்கு நான் எப்படிக் குற்றவாளி ஆவேன் என்று கிரியோனிடம் நேருக்கு நேர் வாதாடுகிறான்.