உத்தி அனுப்புகிறவர்களிடம் சோதனை ஆதாரம் கேட்பது சரியா?

நள்ளிரவு ரன்:
ஸ்லே தி ஸ்பயர் என்ற கார்டு வீடியோ கேம் ஆடும் எங்கள் குழுவில், எந்த டெக்கை (கார்டுக் கட்டை) எப்படி ஆடுவது என்ற உத்திகளைத் தொகுத்து வைக்கிறோம். வருவதைப் படித்துச் சேர்ப்பது என் வேலை. அதில் பாதி, "இந்த டெக் வேற லெவல், ஆடிப் பாருங்க" என்பதோடு முடிந்துவிடுகிறது. கடைசியாக வந்தது ஐயன்கிளாடு என்ற வீரனுக்கு ஒரு முடிவில்லாச் சுழற்சி: இரண்டு டிராப்கிக் கார்டு, கூட விரல்விட்டு எண்ணக்கூடிய கார்டுகள், மற்றதையெல்லாம் கடையில் காசு கொடுத்து நீக்கிவிட வேண்டுமாம். படிக்க அழகாகத்தான் இருக்கிறது. ஜெயித்தீர்களா என்று கேட்டால் "ஜெயிக்கும்" என்கிறார்.

இனி மூன்று வெற்றிகளின் ஸ்கிரீன்ஷாட் இல்லாமல் எதையும் சேர்ப்பதில்லை என்று விதி வைக்கலாமா? சிலர் இப்போதே முகம் சுளிக்கிறார்கள்.

எலைட் வேட்டை:
தாராளமாகக் கேளுங்கள். ஆனால் மூன்று வெற்றி என்ற கணக்கு உங்களைக் காப்பாற்றாது.

அந்த டிராப்கிக் டெக்கையே எடுத்துக்கொள்வோம். எதிரி வல்னரபிளாக (கூடுதல் அடி வாங்கும் நிலையில்) இருந்தால் அந்தக் கார்டு செலவான எனர்ஜியைத் திருப்பித் தரும், ஒரு கார்டும் எடுத்துத் தரும். டெக் சின்னதாக இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே இருக்கும், எதிரிக்கு முறையே (டர்ன்) வராது. டைம் ஈட்டர் என்ற பாஸ் (ஒரு கட்டத்தின் கடைசிப் பெரிய எதிரி) வரும்வரை. 12 கார்டு போட்டதும் அவன் உங்கள் முறையை முடித்துவிட்டு, தன் பலத்தில் 2 கூட்டிக்கொள்வான். சுழற்சி அங்கேயே அறுந்தது.

மூன்றாம் ஆக்டில் (கட்டத்தில்) வரக்கூடிய பாஸ்கள் மூன்று: அவேக்கண்ட் ஒன், டைம் ஈட்டர், டோனு-டெக்கா ஜோடி. அசென்ஷன் (கடின நிலை) 20-க்குக் கீழே ஒரு ரன்னில் (ஒரு முழு ஆட்டத்தில்) ஒன்றுதான் வரும். மூன்று ரன்களிலும் டைம் ஈட்டர் கண்ணிலேயே படாமல் போக 27-இல் 8 வாய்ப்பு, கிட்டத்தட்ட 30 சதவீதம். அசென்ஷன் 20-இல் இரண்டு பாஸ்களை அடுத்தடுத்து அடிக்க வேண்டும், அங்கே அது 27-இல் 1 தான். இரண்டுமே உங்கள் விதிப்படி "மூன்று வெற்றி".

அதனால் எந்த அசென்ஷனில், எந்த பாஸை அடித்தீர்கள் என்று கேளுங்கள். தோற்ற ரன் ஒன்றையும் சேர்த்துக் கேளுங்கள். நான் முதலில் பார்ப்பது அதைத்தான். ரன் ஹிஸ்டரியில் ஒவ்வொரு தளத்தின் மேலும் மவுஸை வைத்தால் எங்கே எவ்வளவு அடி வாங்கினார் என்று தெரிந்துவிடும். முதல் ஆக்ட் எலைட்டிடமே (சாதாரண எதிரியைவிட வலுவானது) பாதி உயிரை விட்டுவிட்டுத் தட்டுத்தடுமாறி மேலே ஏறியிருப்பார், தலைப்பு மட்டும் "சுலபமான டெக்" என்று இருக்கும்.

சைலன்ட் ரசிகன்:
இவ்வளவு கெடுபிடி செய்தால் புதியவர்கள் வாயே திறக்க மாட்டார்கள். அசென்ஷன் 20-ஐ எட்டாதவருக்கும் நல்ல யோசனை தோன்றும். அதைத் தேறியவர்கள் ஆடிப் பார்க்கட்டுமே. "இன்னும் சோதிக்கவில்லை" என்று தலைப்பில் போடச் சொல்லி, அவற்றைத் தனியாக வையுங்கள். பொய் சொல்லாதவரை எனக்கு ஆட்சேபம் இல்லை.

மூன்றாம் ஆக்ட்:
ஸ்கிரீன்ஷாட்டை ரொம்ப நம்ப வேண்டாம். சண்டையின் நடுவில் வெளியேறித் திரும்ப வந்தால் அதே சண்டை முதலிலிருந்து தொடங்கும். எத்தனை தடவை அப்படிச் செய்தார் என்று படத்தில் தெரியாது. சீடையும் (அந்த ரன்னை உருவாக்கும் குறியீட்டை) வாங்கி வையுங்கள். அதே மேப், அதே பாஸோடு நாமும் ஆடிச் சரிபார்க்கலாம். ஒரே ஒரு அதிர்ஷ்டக்கார சீடில் ஜெயித்ததை மட்டும் உத்தி என்று ஏற்காதீர்கள்.

நள்ளிரவு ரன்:
சரி, மூன்று வெற்றியை விட்டுவிடுகிறேன். அசென்ஷன், பாஸ் பெயர், சீட், ஒரு தோல்வி, இவ்வளவும் இருந்தால் தொகுப்பில் சேரும். இல்லையென்றால் "சோதிக்கவில்லை" பகுதிக்குப் போகும். அப்புறம், நான்காம் ஆக்டின் பாஸான இதயத்தையும் கட்டாயமாக்கலாமா?

எலைட் வேட்டை:
எல்லோருக்கும் வேண்டாம், நம் டிராப்கிக்காரருக்கு வேண்டும். இதயத்தின் முன்னால் நாம் போடும் ஒவ்வொரு கார்டுக்கும் 1 அடி திரும்ப விழும். ஒரு டர்னில் 300-க்கு மேல் அதற்குக் காயம் ஏறாது. அசென்ஷன் 19-இலிருந்து அது 2 அடி, 200 காயம். மேம்படுத்தாத டிராப்கிக் வல்னரபிள் எதிரிக்குத் தருவது 7 காயம். மீதிக் கணக்கை அவரையே போட்டு அனுப்பச் சொல்லுங்கள்.