ஓரங்க நாடக மாலைக்கு விளக்குகள் தேவை

வணக்கம். மதுரையில் எங்கள் கல்லூரி நாடகக் குழு மாணவர்கள் தாங்களே எழுதிய மூன்று ஓரங்க நாடகங்களை ஒரே மாலையில் மேடையேற்றுகிறார்கள். நடிப்பு அருமையாகக் கூடிவந்திருக்கிறது, ஒளியமைப்புக்குத்தான் வழியில்லை. ஒரு நாடகத்தில், ரேஷன் கடை வரிசையில் நிற்கும் பாட்டியின் முகத்தில் மட்டும் வெளிச்சம் விழ வேண்டிய இடம் ஒன்று உண்டு. அரங்கின் டியூப்லைட்டைப் போட்டால் மேடை முழுவதும் வெளுத்துப்போகிறது, பாட்டியாக நடிக்கும் பெண்ணின் உழைப்பு வீணாகிறது.

1000 வாட் ஸ்பாட் விளக்குகள் நான்கும் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரு டிம்மரும் இரவல் கிடைக்குமா? நான்கும் எரிந்தால் 230 வோல்ட்டில் 17 ஆம்பியருக்கு மேல் இழுக்கும்; ஒரே 16 ஆம்பியர் பிளக் தாங்காது. இணைப்பைப் பிரித்துக் கொடுக்க, மேடை வேலை தெரிந்த எலக்ட்ரீஷியன் யாராவது நேரில் வந்து பார்த்தால் பேருதவி. எல்.இ.டி. விளக்குகள் இருந்தாலும் சரி. வண்டி வாடகை எங்கள் பொறுப்பு. தனிச்செய்தி அனுப்புங்கள்.