மண்டபக் கூரையில் ஹீட் பம்ப்: மூன்று மடங்கு வெப்பம் எங்கே போயிற்று?

ஸ்காபரோ மண்டபக்காரன்:
எங்கள் கலியாண மண்டபத்தின் கூரையில் இருந்த இரண்டு எரிவாயு இயந்திரங்களும் பழுதாகிவிட்டதால், சென்ற இலையுதிர் காலத்தில் ஹீட் பம்ப் பூட்டினோம், வெளிக்காற்றில் உள்ள வெப்பத்தை இழுத்து உள்ளே தள்ளும் இயந்திரம். ஒரு பங்கு மின்சாரத்துக்கு மூன்று பங்கு வெப்பம் கிடைக்கும் என்றார் விற்றவர். ஜனவரி மின்கட்டணத்தைப் பார்த்ததும் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். வார நாட்களில் மண்டபம் பூட்டியே கிடக்கும், தெர்மோஸ்டாட்டை 15 பாகையில் விடுகிறோம். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு 22க்கு ஏற்றுவோம். இந்தக் குளிருக்கு இது சரிவராதா?

கூரையில் 19 வருடம்:
தம்பி, குளிரைத் திட்டாதீர்கள். அந்த மூன்று மடங்கு, வெளியே 8.3 பாகை இருக்கும்போது சோதனைக்கூடத்தில் அளந்த கணக்காகத்தான் இருக்கும். ரொறன்ரோவில் அது ஏப்ரல் மாதத்து வெயில். அதே சோதனைத் தாளில் மைனஸ் 8.3க்கும் ஓர் எண் இருக்கும், அதைக் கேட்டு வாங்குங்கள். நல்ல இயந்திரம் மைனஸ் 15இலும் இரண்டு மடங்குக்குக் கிட்டக் கொடுக்கும்.

எனக்குச் சந்தேகம், துணைக்குச் சூடேற்ற உள்ளே இருக்கும் மின்சுருளின் மேல்தான். அது ஒன்றுக்கு ஒன்றுதான் தரும். 15இலிருந்து 22க்கு ஒரேயடியாக ஏற்றினால், தெர்மோஸ்டாட் பொறுமை இழந்து சுருளையும் சேர்த்துப் போட்டுவிடும். உங்கள் கட்டடம் 50 கிலோவாட்டுக்கு மேல் இழுக்கும் வகை என்றால் இன்னும் மோசம். மாதத்தில் ஒரே ஒரு வெள்ளிக்கிழமை உச்சம் தொட்டாலும், மாதக் கட்டணத்தில் ஒரு பகுதி அந்த உச்சத்தை வைத்துத்தான். அதிகாலை நான்கு மணியிலிருந்து மணிக்கு ஒரு பாகையாக ஏற்றுங்கள். வெளியே மைனஸ் 10க்கு மேல் இருக்கும்வரை சூடேற்றுவதற்குச் சுருள் வரக்கூடாது என்று பூட்டச் சொல்லுங்கள். பூட்டியவர்கள் பலர் இதைத் தொடாமலே இறங்கிவிடுகிறார்கள்.

இன்னொன்று. ஏரிக்காற்று வீசும், பூச்சியத்தை ஒட்டிய ஈரமான நாளில் மேலே ஏறிப் பாருங்கள். மைனஸ் 20இல் காற்று வறண்டிருக்கும், உறைபனி குறைவு. பூச்சியத்துக்குப் பக்கத்தில்தான், காற்றிலிருந்து வெப்பம் எடுக்கும் வெளிச்சுருள் வெள்ளைக் கம்பளி போர்த்தியது போலாகும். அதை உருக்க இயந்திரம் மண்டபத்திலிருந்தே வெப்பத்தைத் திருப்பி எடுக்கும். அந்தச் சில நிமிடமும் உள்ளே குளிர்காற்று வராமல் மின்சுருள் எரியும்.

ஒஸ்லோ வாசி:
இங்கே பெரிய கட்டடங்கள் பலவற்றில் நிலத்தில் ஆழத் துளையிட்டு வெப்பம் எடுக்கிறார்கள். அந்த ஆழத்தில் நிலம் மாரியிலும் உறையாது. பக்கத்து டிராம்மன் நகரில் ஃபியோர்ட் (நிலத்துக்குள் நீண்டு புகுந்த கடல்) நீரிலிருந்து வெப்பம் எடுத்து, அம்மோனியாவை வைத்து 90 பாகை வரை சுடுநீர் தயாரித்து நகரத்துக்கே அனுப்புகிறார்கள். வெளிக்காற்றையே நம்பியிருப்பதுதான் உங்கள் சிக்கல் என்று நினைக்கிறேன்.

கூரையில் 19 வருடம்:
ஒஸ்லோ அண்ணா, அவருடைய வாகனத் தரிப்பிடத்துக்குக் கீழே ஃபியோர்ட் ஓடவில்லை. துளை போடும் செலவை இன்னும் எத்தனை கலியாணம் நடத்தி எடுப்பார்? முதலில் இருப்பதைச் சரிசெய்வோம்.

ஸ்காபரோ மண்டபக்காரன்:
இன்று ஏணி வைத்து ஏறினேன். இடப்பக்க இயந்திரத்தின் அடித்தட்டில் ஒரு சாண் உயரத்துக்கு ஐஸ். உருகிய தண்ணீர் வடியாமல் அங்கேயே உறைந்து, சுருளின் கீழ் வரிசைகளை விழுங்கிவிட்டது. தட்டைச் சூடாக்கும் கம்பி, சுற்றிக் கட்டிய கட்டு அவிழாமல் ஓரமாகக் கிடக்கிறது. இணைக்கவேயில்லை! மின்சுருள் எத்தனை பாகையில் பூட்டப்பட்டிருக்கிறது என்று பார்த்தேன்: பிளஸ் 5.

கூரையில் 19 வருடம்:
ஐஸைச் சுத்தியலால் தட்டிவிடாதீர்கள், குழாய் பிளந்தால் குளிர்வாயு முழுவதும் போய்விடும். வெந்நீர் ஊற்றுவதென்றால் முதலில் வடிகாலைத் திறந்துவிடுங்கள், இல்லாவிட்டால் அதுவும் அங்கேயே உறையும். கம்பியை உரிமம் உள்ளவரே இணைக்கட்டும். வலப்பக்க இயந்திரத்தையும் பார்த்தீர்களா?

ஸ்காபரோ மண்டபக்காரன்:
பார்த்தேன். அதிலும் அதே கட்டு, அவிழ்க்காமல்.