கிண்ண வடிவ மூலக்கூற்றின் படிகம்: ஆர்-மதிப்பு 0.13-க்குக் கீழே இறங்கவில்லை, உதவுங்கள்

திணறும் மாணவி: மூன்று பதிலிகள் (ஹைட்ரஜனுக்குப் பதிலாக இணைந்த தொகுதிகள்) கொண்ட சுமனீன் என்ற கிண்ண வடிவக் கார்பன் மூலக்கூற்றின் வழிப்பொருளுக்கு எக்ஸ்-கதிரால் படிக அமைப்பைத் தீர்த்துவிட்டேன், ஆனால் ஆர்-மதிப்பு (மாதிரிக்கும் அளவீட்டுக்கும் உள்ள வேறுபாடு) 0.13-இல் நின்றுவிட்டது. கிண்ணத்தின் வாய்ப்பக்கத்தில், அணுவே இருக்கக்கூடாத இடத்தில், ஆறு எச்ச முகடுகள் (மாதிரி விளக்காத எலக்ட்ரான் அடர்த்தி) அறுகோணமாகத் தெரிகின்றன. ஃப்ளாக் மதிப்பு (கைத்திசை சரியென்றால் 0, தலைகீழென்றால் 1) 0.4. படிகம் கைரலா (இடக்கை, வலக்கை போல ஆடிப் பிம்பத்தோடு ஒன்றாததா), இல்லையா? நாளை மறுநாள் ஆய்வுக்குழுக் கூட்டம்.

படிகப்பித்தன்: இடவெளித் தொகுதி (படிகத்தின் சமச்சீர் வகை), வெப்பநிலை, கதிர், ஃப்ளாக் மதிப்பின் திட்டப்பிழை ஆகிய நான்கையும் சொல்லாமல் என்ன சொல்வது?

இருமுகன்: சந்தேகமே வேண்டாம், இது தலைகீழ் இரட்டைப் படிகம் (ஒன்றுக்கொன்று தலைகீழான களங்கள் ஒட்டி வளர்ந்தது).

மூத்த உறுப்பினர்: இவை முதலாண்டுப் பாடங்கள். கைரல் இடவெளித் தொகுதி என்றால் படிகம் கைரல். பாடநூலைப் புரட்டிவிட்டு வாருங்கள்.

திணறும் மாணவி: மன்னிக்கவும். தொகுதி பி2₁2₁2₁, அறை வெப்பநிலை, மாலிப்டினக் கதிர், ஃப்ளாக் 0.4(6), அதாவது பிழை 0.6. கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் மட்டுமே உள்ளன.

படிகப்பித்தன்: பிழையே 0.6 என்றால் அந்த 0.4 எதையும் சொல்லவில்லை. இலேசான அணுக்கள் மாலிப்டினக் கதிரில் முரண்சிதறலை (கைத்திசையைக் காட்டித்தரும் சிதறல் வேறுபாட்டை) ஏறக்குறைய காட்டுவதே இல்லை. முகடுகளைக் கவனியுங்கள். சுமனீன் கிண்ணத்தின் ஆழம் 1.11 ஆங்ஸ்ட்ராம், விளிம்புகள் ஒன்றியிருக்கக் கிண்ணம் கவிழ்ந்தால், மைய வளையம் எதிர்ப்பக்கத்தில் 2.2 ஆங்ஸ்ட்ராம் தள்ளித் தோன்றும். உங்கள் அறுகோணம் அதுவாக இருக்கலாம். பதிலிகளின் அமைவால் கிண்ணம் கைரலாகியிருந்தால், கவிழ்ந்த கிண்ணம் அதன் ஆடி எதிர்வுரு (ஆடிப் பிம்ப மூலக்கூறு). அப்படியானால் ஒரே இடத்தை இரு எதிர்வுருக்களும் பங்கிட்டுக்கொள்கின்றன. இது இரட்டைப் படிகத்திலிருந்து வேறுபட்டது: அங்கே களம் முழுவதுமே தலைகீழாகிறது, இங்கே மூலக்கூறு மட்டும் கவிழ்கிறது. மாதிரியை இரண்டு பகுதிகளாகப் பிரித்து, நிரப்பளவுகளின் (ஒவ்வொரு வடிவமும் அவ்விடத்தை நிரப்பும் பங்கு) கூட்டுத்தொகை 1 ஆகும்படி கட்டி, சீராக்கிப் பாருங்கள்.

இருமுகன்: திண்மத்துக்குள் கிண்ணம் எப்படிக் கவிழும்?

படிகப்பித்தன்: திண்மத்தில் கவிழவேண்டியதில்லை. சுமனீன் கவிழ்வதற்கான ஆற்றல் தடை கரைசலில் மோலுக்கு ஏறத்தாழ 20 கிலோகலோரி என்பதால் அறை வெப்பநிலையில் சில நிமிடங்களிலேயே கவிழ்ந்துவிடுகிறது. படிகம் வளரும்போதே இரண்டு வடிவங்களும் கைவசம் இருக்கும்.

மூத்த உறுப்பினர்: கைரல் தொகுதியில் ஆடி எதிர்வுருவுக்கு இடமேது?

நிலவறிவன்: ஐயா, பி2₁2₁2₁ கைரல் தொகுதியன்று. எதிர்வுருத் தூய சேர்மங்கள் படிகமாகக்கூடிய ஸோன்க்கே தொகுதிகள் 65. அவற்றுள் தாமே கைரலானவை (தொகுதியே தன் ஆடிப் பிம்பத்திலிருந்து வேறுபடுபவை) 22 மட்டுமே.

மூத்த உறுப்பினர்: வழக்கில் எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

நிலவறிவன்: வழக்கில் உள்ள பிழைக்காக ஒரு மாணவியைப் பாடநூலுக்கு விரட்டுவது முறையன்று.

திணறும் மாணவி: 100 கெல்வினில் செம்புக் கதிரில் மீண்டும் அளந்தேன். நிரப்பளவுகள் 0.72, 0.28, ஆர்-மதிப்பு 0.052. பழைய தரவிலும் அதே விகிதம்தான். ஃப்ளாக் பிழை இன்னும் 0.2, ஆகவே கைத்திசையைப் பற்றி எதுவும் எழுதப்போவதில்லை. நன்றி.