‘ரன்’னுக்கு எத்தனை அர்த்தம்? – வீட்டுக் குழுவில் ஒரு சாயங்காலம்

நிவேதா: அத்தை, கோச்சிங்ல இருந்து ஒரு படம் வந்திருக்கு. ‘ரன்’ங்கற ஒரே சொல்லுக்கு 645 அர்த்தமாம். கீழே ஒரு நீளமான சினானிம் பட்டியல் வேற, அதே பொருள் தர்ற மாற்றுச் சொல்லாம். ஐஈஎல்டிஎஸ் இங்கிலீஷ் பரீட்சை எழுதறதுக்கு இதையெல்லாம் மனப்பாடம் பண்ணணுமா?

கவிதா அத்தை: வேண்டாம்மா. 645 சரியான கணக்குதான், ஆனா அது பரீட்சைக்கான கணக்கு இல்ல. ஆக்ஸ்ஃபோர்டு பெரிய அகராதியை மூணாம் பதிப்புக்காகத் திருத்தினப்போ ‘ரன்’னை வினைச்சொல்லா மட்டும் எண்ணி வந்தது அது. பீட்டர் கில்லிவர்ங்கற அகராதியாளர் ஒன்பது மாசத்துக்கு மேல அந்த ஒரு சொல்லோடவே உக்காந்து வேலை பார்த்தார். வழக்கொழிஞ்ச பொருளையும் அந்த அகராதி விடாது. மாணவர்களுக்கான அகராதியை எடுத்துப் பாரு, அதுல ஒரு சின்னப் பங்குதான் இருக்கும்.

சுந்தர் சித்தப்பா: அதுக்கு முன்னாடி ‘செட்’தான் முதல்ல இருந்தது. 1989ல 20 தொகுதியா வந்த இரண்டாம் பதிப்புல ‘செட்’டுக்கு 430 பொருள். ரயில், மோட்டார், கம்ப்யூட்டர்னு இயந்திரம் பெருகப் பெருக ‘ரன்’ முந்திடுச்சு.

நிவேதா: அப்போ எப்படித்தான் படிக்கிறது சித்தப்பா?

சுந்தர் சித்தப்பா: முதல்ல தமிழ்ல யோசிச்சுப் பாரு. ஆறு ஓடுது, மோட்டார் ஓடுது, கடிகாரம் ஓடுது, படம் நூறு நாள் ஓடுது. இங்கெல்லாம் ‘ஓடு’வும் ‘ரன்’னும் ஒண்ணா வருது, சிரமமே இல்ல. எங்க பிரியுதோ அதை மட்டும் எழுதி வை. மூக்கு ஒழுகும், துணியில சாயம் போகும், கம்பெனியை நடத்துவாங்க, அரிசி தீரும். இந்த நாலுக்கும் இங்கிலீஷ்ல ‘ரன்’.

கவிதா அத்தை: நல்லாச் சொன்னே தம்பி. நிவி, இதோட இன்னும் மூணு விஷயம் பாரு. ஓடறது யாரு, எது? ‘ரன்’னுக்குப் பின்னாடி வர்ற பெயர்ச்சொல் எது? பக்கத்துல ஒட்டியிருக்கற குட்டிச் சொல் எது, அவுட், இன்டு, அப், டவுன் மாதிரி? இந்த மூணும் தெரிஞ்சா பொருள் பெரும்பாலும் ஒண்ணாச் சுருங்கிடும். ‘ஷி ரன்ஸ்’னா ஓடறா. ‘ஷி ரன்ஸ் எ பேக்கரி’ன்னா நடத்தறா. ‘ஷி ரேன் இன்டு எ டீச்சர்’னா எதிர்பாராம டீச்சரைப் பார்த்தா. ‘ரேன் இன்டு எ வால்’னா சுவத்துல மோதினா. அதே ‘இன்டு’தான், பின்னாடி வந்த பெயர்ச்சொல் மாறினதும் பொருளும் மாறிடுச்சு பாரு.

நிவேதா: பட்டியல்ல மேனேஜ், ஆபரேட், எக்ஸிக்யூட், ஃப்ளோ, ஸ்ப்ரின்ட் எல்லாம் ஒரே வரிசையில இருக்கு.

கவிதா அத்தை: அந்தப் பட்டியலோட கோளாறே அதுதான்! சினானிம் சொல்லுக்குக் கிடையாது, ஒவ்வொரு பொருளுக்கும்தான் உண்டு. 1852ல ரோஜேங்கறவர் தன்னோட தெசாரஸை, அதாவது மாற்றுச் சொல் தொகுப்பை, அகரவரிசையில அடுக்கல, கருத்து வாரியா ஆயிரம் தலைப்புல பிரிச்சார். அதைக் கலைச்சு ஒரே வரியில கொட்டினா படிக்கிறவங்க ஏதோ ஒண்ணை எடுத்து வச்சிடுவாங்க.

கவிதா அத்தை: ‘நடத்துதல்’ங்கற ஒரே பொருளுக்குள்ளேயே எவ்வளவு வித்தியாசம் பாரு. ‘ரன்’னா அன்றாடப் பொறுப்பு முழுசும் அவங்க கையில. ‘மேனேஜ்’ கிட்டத்தட்ட அதேதான், ஆனா முதலாளி வேற ஆளா இருக்கலாம்ங்கற வாடை உண்டு. ‘ஆபரேட்’ கொஞ்சம் விறைப்பான சொல். நிறுவனம் 12 கிளைகளை ஆபரேட் பண்ணுது, ஆள் கிரேனை ஆபரேட் பண்றார். ‘அட்மினிஸ்டர்’ திட்டத்துக்கும் நிதிக்கும். ‘ஹெட்’ துறைக்கும் அமைப்புக்கும். ‘ஓன்’ இந்த வரிசையிலேயே சேராது. நம்ம ‘கடை வச்சிருக்கார்’னு சொல்றதுல சொந்தமும் நடத்தறதும் கலந்து கிடக்கு, அதனாலதான் நம்ம பிள்ளைங்க ‘ஓன்’ வரவேண்டிய இடத்துல ‘ரன்’ போடறாங்க. கட்டடத்தை ‘ஓன்’ பண்றவர் ஒருத்தர், அதுக்குள்ள ஹோட்டலை ‘ரன்’ பண்றவர் இன்னொருத்தரா இருக்கலாம்.

பிரகாஷ் அண்ணன்: ‘எக்ஸிக்யூட்’ எங்க சாஃப்ட்வேர் ஏரியா. புரோகிராமை ரன் பண்ணலாம், எக்ஸிக்யூட் பண்ணலாம், ரெண்டும் சரி. ‘லான்ச்’ அப்படி இல்ல, அது தொடங்கற கணம் மட்டும். ஒரு ஆப்பை லான்ச் பண்ணது 9 மணிக்கு, அது ரன் ஆகறது நாள் முழுக்க. திட்டம், உத்தரவு, உயில் இதுக்கெல்லாம் ‘எக்ஸிக்யூட்’ வரும். கம்பெனிக்கு வராது. ஆளைச் சொல்லி ‘எக்ஸிக்யூட்’ போட்டா மரண தண்டனை நிறைவேத்தறதுன்னு அர்த்தம் ஆயிடும், கவனம்.

பிரகாஷ் அண்ணன்: ‘ட்ரை ரன்’னா எங்களுக்கு ஒத்திகை. நிஜமா எதையும் மாத்தாம, என்ன நடக்கும்னு மட்டும் ஓட்டிப் பார்க்கறது.

முருகேசன் மாமா: பட்டறையில அது வேற தம்பி. போர்வெல்ல தண்ணி இல்லாம மோட்டார் ஓடினா அதான் ட்ரை ரன். தண்ணிக்குள்ளேயே இறக்கற சப்மெர்சிபிள் மோட்டாரைச் சுத்தி இருக்கற தண்ணிதான் அதைக் குளிர வைக்கும். தண்ணி இறங்கிட்டா சூடு ஏறி புஷ் தேயும், சீல் போகும், கடைசியில வைண்டிங் கருகும். அதுக்குத்தான் பேனல்ல ட்ரை ரன் ப்ரொடெக்‌ஷன் போடறது. தண்ணி இல்லாதப்போ ஆம்பியர் இறங்கும், அதைப் பார்த்து அதுவே ஆஃப் பண்ணிடும்.

கவிதா அத்தை: பாத்தியா நிவி, ரெண்டும் சரி. ‘ட்ரை’ன்னா காய்ஞ்சதுதான். ஆனா பிரகாஷ் சொன்னதுல அது நிஜமான வேலை நடக்காததுன்னு. மாமா சொன்னதுல நிஜமாவே தண்ணி இல்ல. எந்த இடத்துல யார் பேசறாங்கன்னு பார்க்காம பொருள் சொல்ல முடியாது.

நிவேதா: ‘ரன் ட்ரை’ன்னு திருப்பிப் போட்டா?

கவிதா அத்தை: அது வினை. ‘தி வெல் ரேன் ட்ரை’, கிணறு வத்திப்போச்சு. ‘ரன்’ இங்க ‘ஆகிவிடு’ங்கற வேலையைச் செய்யுது. ரன் லோ, ரன் ஷார்ட், ரன் லேட், ரன் வைல்ட் எல்லாம் இதே குடும்பம். பின்னாடி வர்றது பெரும்பாலும் பெயரடை. ‘ரன் லேட்லி’ன்னு எழுதிடாதே. ‘லேட்லி’ன்னா ‘சமீபமா’ன்னு வேற அர்த்தம்.

ஜோதி அக்கா: இப்பதான் ஆஸ்பத்திரியில ஷிஃப்ட் முடிஞ்சு பார்த்தேன். நிவி, இங்க வந்தா நோயாளிங்க பேசற ‘ரன்’ தெரியணும். ‘ஐ ஃபீல் ரன் டவுன்’னா அசந்துபோய் உடம்பு தெம்பில்லாம இருக்கு. ‘ஹி இஸ் ரன்னிங் எ டெம்பரேச்சர்’னா காய்ச்சல். ‘ஐ ஹேவ் தி ரன்ஸ்’னா வயித்தால போகுது. கடைசியானது பேச்சுக்குத்தான். குறிப்புல ‘டயரியா’ன்னு எழுதி எத்தனை தடவைன்னும் போடணும். ‘டெம்பரேச்சர்’னு மட்டும் எழுதினா பத்தாது, 38.4 டிகிரி செல்சியஸ்னு அளவோட இருக்கணும்.

ஜோதி அக்கா: டாக்டர் ‘ரன் எ லிட்டர் ஓவர் எய்ட் அவர்ஸ்’னு சொன்னா ஒரு லிட்டர் திரவத்தை 8 மணி நேரத்துல ஏத்தணும், அதாவது மணிக்கு 125 மில்லி. இந்த ‘ஓவர்’ கால அளவு. ‘ரன் ஓவர்’னு ஒண்ணாச் சேர்த்துப் படிச்சா வண்டி ஏத்தறதுன்னு ஆயிடும். ‘ரன் மீ த்ரூ இட்’னா படிப்படியாச் சொல்லு. ‘ரன் இட் பை மீ’ன்னா செய்யறதுக்கு முன்னாடி என்கிட்ட சொல்லி அபிப்பிராயம் கேளு. ரெண்டையும் குழப்பினா, கேக்க வேண்டிய இடத்துல விளக்கிட்டு வந்துடுவோம்.

சுந்தர் சித்தப்பா: செய்தி மொழிபெயர்ப்புல அதிகமா வர்ற தப்பு ‘ரன் ஃபார் ஆஃபீஸ்’. அலுவலகத்துக்கு ஓடினார்னு போட்டுடறாங்க. இங்க ஆஃபீஸ்னா பதவி, ரன்னா போட்டியிடறது. அமெரிக்காவுல தேர்தல்ல ‘ரன்’ பண்ணுவாங்க, பிரிட்டன்ல ‘ஸ்டேண்ட்’ பண்ணுவாங்க. தமிழ்லயும் தேர்தல்ல ‘நிக்கறார்’தானே. ‘ரன்னிங் மேட்’னா கூட ஓடறவர் இல்ல, அமெரிக்கத் தேர்தல்ல துணை அதிபர் வேட்பாளர். ‘ரன்-ஆஃப்’ ரெண்டாம் சுற்று வாக்குப்பதிவு.

சுந்தர் சித்தப்பா: ‘பேங்க் ரன்’ இன்னொண்ணு. பேங்க் முழுகிடும்னு பயந்து எல்லாரும் ஒரே நேரத்துல பணத்தை எடுக்கப் போறது. 2007 செப்டம்பர்ல பிரிட்டன்ல நார்தர்ன் ராக் வாசல்ல மக்கள் வரிசையா நின்னாங்களே, அது. ‘வங்கி ஓட்டம்’னு எழுதினா யாருக்கும் புரியாது. ‘டெபாசிட்டை எடுக்க முண்டியடித்தனர்’னு எழுதினா விஷயம் போய்ச் சேரும். ‘பிரின்ட் ரன்’ வேற, ஒரு தடவையில எத்தனை பிரதி அச்சடிக்கிறாங்கங்கற எண்ணிக்கை.

முருகேசன் மாமா: கிரிக்கெட் ரன்னை விட்டுட்டீங்களே!

சுந்தர் சித்தப்பா: அத்தான், அது எல்லாருக்கும் தெரியும் 😀

நிவேதா: சரி அத்தை, இன்னைக்கு ராத்திரி என்ன செய்யட்டும்?

கவிதா அத்தை: ஒரு நோட்டுல பக்கத்தை மூணாப் பிரி. முதல்ல முழு வாக்கியம், அடுத்து அங்க ‘ரன்’னோட பொருள் தமிழ்ல, கடைசியில அந்தப் பொருளுக்கு மட்டும் பொருந்தற மாற்றுச் சொல். மாற்றுச் சொல்லை அதே வாக்கியத்துல வச்சுப் பாரு. அதுக்கப்புறம் லாங்மன் அகராதியில அதோட உதாரண வாக்கியங்களையும் பாரு. அதுல விளக்கமெல்லாம் சுமார் 2000 எளிய சொல்லுக்குள்ளேயே எழுதியிருப்பாங்க, படிக்க கஷ்டமே இருக்காது. உதாரணத்துல உன் பெயர்ச்சொல்லோட அந்தச் சொல் வரவே இல்லைன்னா சந்தேகப்படு. எழுத்துத் தேர்வுல சொல்வளத்துக்கு நாலுல ஒரு பங்கு மதிப்பெண், ஆனா 7 பேண்டுக்கு, அதாவது அந்தத் தரநிலைக்கு, அவங்க பார்க்கறதுல அரிய சொல்லு மட்டுமில்ல, எந்தச் சொல்லு எதோட சேரும்னு தெரிஞ்சிருக்கான்னும் இருக்கு.

நிவேதா: மூணு வாக்கியம் எழுதியிருக்கேன், பாருங்க.
1. தி கவர்ன்மென்ட் ஷுட் எக்ஸிக்யூட் மோர் பஸ்ஸஸ்.
2. மெனி வில்லேஜஸ் ஆர் ரன் அவுட் ஆஃப் வாட்டர்.
3. ஸ்மால் ஷாப்ஸ் ரன் பை விமன் ஆர் குரோயிங்.

கவிதா அத்தை: முதல் வாக்கியத்துல ‘ரன் மோர் பஸ்ஸஸ்’னே விடு. விறைப்பா வேணும்னா ‘ஆபரேட் மோர் பஸ் சர்வீசஸ்’. பிரகாஷ் சொன்னானே, ‘எக்ஸிக்யூட்’ உத்தரவுக்கு, பஸ்ஸுக்கு இல்ல.

கவிதா அத்தை: ரெண்டாவதுல ‘ஆர்’ தப்பு. தீர்ந்துபோச்சுன்னா ‘ஹேவ் ரன் அவுட் ஆஃப் வாட்டர்’. தீர்ந்துகிட்டே வருதுன்னா ‘ஆர் ரன்னிங் அவுட் ஆஃப் வாட்டர்’. கிராமம் எழுவாயா இருந்தா ‘ஆஃப்’ வேணும். தண்ணியே எழுவாயா இருந்தா ‘தி வாட்டர் ஹேஸ் ரன் அவுட்’, ‘ஆஃப்’ வராது. ‘ஹேவ் ரேன்’ எழுதிடாதே, ரன்-ரேன்-ரன்.

நிவேதா: மூணாவதுல ‘ரன்’னை மாத்தணுமா?

கவிதா அத்தை: தொடாதே, அது சரியா இருக்கு. அந்த ‘ரன்’ மூணாவது வடிவம், ‘பெண்களால் நடத்தப்படும்’னு வருது. ‘ஆபரேட்டட்’ போட்டா சின்னக் கடைக்கு விறைப்பு அதிகம். ‘மேனேஜ்ட்’ போட்டா முதலாளி வேற யாரோன்னு படிக்கிறவங்க நினைப்பாங்க.